வலிப்பு மாத்திரைகளின் பக்கவிளைவுகள்: திருமணத்துக்கு முன் நிறுத்தலாமா?

ஒரு தாய்மாமன் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். அவருடைய அக்கா மகளுக்கு 22 வயது. பதினைந்தாம் வயதில், காலையில் எழுந்ததும் கைகள் திடீரென உதறி, பல் துலக்கும் பிரஷும் காபி டம்ளரும் கீழே விழத் தொடங்கின; பிறகு இரண்டு முறை நினைவிழந்து விழுந்து முழு வலிப்பு வந்தது. சோடியம் வால்ப்ரோயேட் 500 மில்லிகிராம் காலையும் இரவும் எடுத்து வருகிறாள். மூன்று ஆண்டுகளாக வலிப்பு இல்லை. ஆனால் எடை கூடியிருக்கிறது, முடி கொட்டுகிறது, மாதவிடாய் தள்ளிப் போகிறது. வரன் பார்க்கத் தொடங்கியிருப்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வீட்டில் பேச்சு. பக்கவிளைவே இல்லாத வலிப்பு மாத்திரை எது, நிறுத்தினால் என்ன ஆகும் என்பவை கேள்விகள்.

நான் மருந்தாளுநர், நரம்பியல் புறநோயாளிப் பிரிவை ஒட்டிய மருந்தகத்தில் பல ஆண்டுகள் மாத்திரை எடுத்துக் கொடுத்தவன். மருந்தை மாற்றி எழுதும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் எந்த மாத்திரை யாருக்கு என்ன செய்தது என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த இடம் அது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் முடிவெடுத்து நிறுத்தக் கூடாது, ஆனால் இந்தப் பெண்ணுக்கு இந்த மாத்திரைதானா என்ற கேள்வியை நரம்பியல் மருத்துவரிடம் உடனே எழுப்ப வேண்டும், அதுவும் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரத்தில் அல்ல, குறைந்தது ஆறு மாதம் முன்பாக.

வலிப்பு மாத்திரை நோயை வேரோடு எடுத்துவிடுவதில்லை. மூளையின் நரம்பணுக்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்துடிப்பு எழுப்புவதை அது தடுத்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தடுப்பை ஒரே நாளில் விலக்கினால், நின்றிருந்த வலிப்பு திரும்புவது மட்டுமல்ல, ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது என்று தொடர் வலிப்பாக வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும் நிலையும் ஏற்படலாம். நரம்பணுக்களின் வேகத்தைக் குறைக்கும் மருந்து வலிப்பின் வேகத்தை மட்டும் தேடிப் பிடித்துக் குறைப்பதில்லை என்பதால், தூக்கக் கலக்கம், தலைசுற்றல், மந்தம் ஆகியவை இந்த வகை மருந்துகள் ஏறக்குறைய அனைத்திலும், குறிப்பாக முதல் சில வாரங்களில், இருக்கும். ஆகவே பக்கவிளைவே இல்லாத மாத்திரை என்று ஒன்று கிடையாது. இவருக்கு, இந்த வயதில், இந்த வகை வலிப்புக்கு எந்தப் பக்கவிளைவைத் தாங்கலாம், எதைத் தாங்கக் கூடாது என்றுதான் கேட்க வேண்டும்.

மருந்துப் பெயரைப் பற்றி ஒரு சொல். மக்கள் அட்டையில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்: எப்டாயின், கார்டினால், டெக்ரிட்டால், ஃபிரிசியம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் மருந்து. முறையே ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன், கார்பமசெபின், குளோபசாம். பக்கவிளைவு அந்தச் சிறிய எழுத்துக்குச் சொந்தமானது.

1938இல் மெரிட், புட்னம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வலிப்புக்குப் பயன்படும் என்று காட்டிய ஃபெனிடாயின், நம் ஊரில் இன்றும் மிக அதிகமாகக் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஒன்று. விலை மலிவு, வேலையும் நன்றாகச் செய்யும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களிடம் ஈறு தடித்துப் பற்களின் மேல் ஏறி வளர்வதைப் பார்க்கலாம். சிலருக்கு முன்பற்களில் பாதி மறைந்துவிடும். பல் சுத்தம் சரியாக இருந்தால் இது குறைவு, மருந்தை மாற்றினால் சில மாதங்களில் ஓரளவு வடியும். முகத்தில் முடி வளர்வதும் முகம் தடிப்பதும் உண்டு என்பதால் இளம் பெண்களுக்கு இதை முதல் தேர்வாக எழுதப் பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். வைட்டமின் டி குறைந்து எலும்பு மெலிவது கண்ணுக்குத் தெரியாத சேதம். அறுபது வயதில் இடுப்பு எலும்பு முறியும்போதுதான் பலருக்கு அது தெரிய வருகிறது.

ஃபெனிடாயினின் உண்மையான சிக்கல் அதன் கணக்கில் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் நூறு இலைக்குத்தான் இடம் என்றால், தொண்ணூறு பேர் வரும்வரை எந்தச் சிரமமும் தெரியாது. நூற்றைத் தாண்டி வருகிறவர்கள் அனைவரும் வாசலில் நின்றுவிடுவார்கள். கல்லீரல் இந்த மருந்தைக் கழிக்கும் விதமும் அப்படித்தான். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சிறிது கூட்டினாலும் கூடியது முழுவதும் இரத்தத்தில் தேங்கும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராமில் வலிப்பு முழுமையாக நிற்கவில்லை என்று 400 ஆக உயர்த்தினார்கள். மூன்று வாரம் கழித்து அவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்து வந்தார். வரும் வழியில் பேருந்து நடத்துநர், "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார்; வாழ்நாளில் குடித்தறியாத மனிதர். மருத்துவர் தம் விரலைப் பார்க்கச் சொல்லிப் பக்கவாட்டில் நகர்த்தியபோது அவருடைய கருவிழிகள் நிலைகொள்ளாமல் துடித்தன. இரத்தத்தில் மருந்தின் அளவு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருப்பது வழக்கம். அவருக்கு 34 இருந்தது. கூட்டியது ஒரே ஒரு 100 மில்லிகிராம் மாத்திரை. சில நாள் நிறுத்தி வைத்து 350 என்று மாற்றியதும் நடை சரியானது.

இதே காரணத்தால்தான் ஃபெனிடாயின் எடுப்பவருக்குக் காசநோய் வந்து ஐசோனியசிட் தொடங்கினால் கவனம் தேவைப்படுகிறது. ஐசோனியசிட் கல்லீரலின் அந்த வழியை அடைப்பதால், வலிப்பு மாத்திரையின் அளவு மாறாமலே நோயாளி தள்ளாடத் தொடங்குவார். காசநோய்க்கு ஒரு இடம், வலிப்புக்கு வேறு இடம் என்று சீட்டு வாங்குகிறவர்கள் இரண்டு சீட்டையும் இரண்டு இடத்திலும் காட்டாமல் இருப்பதைப் போல ஆபத்தான பழக்கம் வேறில்லை. கம்பெனி மாற்றுவதும் இந்த மருந்தில் சிறிய விஷயமல்ல. 1968இல் ஆஸ்திரேலியாவில் ஒரே அளவு ஃபெனிடாயினை எடுத்து வந்த நோயாளிகள் பலருக்கு மருந்து நஞ்சேறியது. மருந்தோடு கலக்கும் நிரப்புப் பொருளாக இருந்த கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ் சேர்த்ததால், குடல் அதிக மருந்தை உறிஞ்சிவிட்டதே காரணம் என்று பின்னர் கண்டார்கள். மருந்துக் கடையில் "அது ஸ்டாக் இல்லை, இதுவும் அதேதான்" என்று சொன்னால், வாங்கலாம், ஆனால் மருத்துவரிடம் தெரிவித்துவிட வேண்டும்.

இனி, உயிருக்கு ஆபத்தான ஒன்றைச் சொல்ல வேண்டும். ஃபெனிடாயின், கார்பமசெபின், லாமோட்ரிஜின், ஃபீனோபார்பிட்டோன் ஆகிய நான்கிலும், தொடங்கிய முதல் எட்டு வாரங்களுக்குள், சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமை வரலாம். காய்ச்சலோடு உடல் முழுதும் சிவந்த தடிப்பு, வாய்ப்புண், கண் சிவப்பு, முகவீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல், தோல் கொப்புளித்து உரிதல் ஆகியவை அதன் அடையாளங்கள். நம் வீடுகளில் காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் அம்மை என்று முடிவுகட்டி, வேப்பிலையில் படுக்க வைத்து, மருத்துவமனைக்கே போகாமல் இருப்பார்கள். வலிப்பு மாத்திரை மட்டும் வேளை தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். உதடு வெந்து, கண் திறக்க முடியாத நிலையில் ஏழாம் நாள் தூக்கி வந்த ஓர் இளைஞனின் பையில், தேதி போட்டுச் சரியாக வெட்டி எடுத்த கார்பமசெபின் அட்டை இருந்தது. புதிதாக வலிப்பு மாத்திரை தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலும் தடிப்பும் வந்தால், அம்மைதான் என்று மருத்துவர் சொல்லும்வரை அதை மருந்தின் வேலையாகவே கருதி, அடுத்த வேளை மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஒருமுறை இப்படி வந்தவருக்கு இந்த நான்கில் மற்றொன்றும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம் என்பதால், எந்த மருந்தால் வந்தது என்று ஓர் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பது நல்லது.

இந்த ஒவ்வாமை ஓரளவு பிறப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எச்.எல்.ஏ.-பி 1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கார்பமசெபின் கடும் தோல் நோயை உண்டாக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004இல் காட்டினார்கள். 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஆசிய வம்சாவளியினருக்கு இந்தச் சோதனையைப் பரிந்துரைத்தது. தென்கிழக்கு ஆசியாவில் மிகுதியாகவும் இந்தியர்களிடம் அதைவிடக் குறைவாகவும் காணப்படும் வகை இது. லாமோட்ரிஜினில் ஆபத்தைக் குறைப்பது மெதுவாக ஏற்றுவதுதான்: வழக்கமாகப் பெரியவர்களுக்கு முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு 25 மில்லிகிராம், ஏற்கெனவே வால்ப்ரோயேட் எடுப்பவருக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 25. வால்ப்ரோயேட் லாமோட்ரிஜினைக் கழியவிடாமல் தடுத்து அதன் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும் என்பதே காரணம். "இவ்வளவு சின்ன மாத்திரையா, சீக்கிரம் ஏற்றக் கூடாதா?" என்று கேட்காத நோயாளி குறைவு. ஏற்றக் கூடாது.

இப்போது உங்கள் அக்கா மகளின் மாத்திரைக்கு வருகிறேன். வால்ப்ரோயேட் தற்செயலாகக் கண்டெடுக்கப்பட்ட மருந்து. வெறும் கரைப்பானாகப் பயன்பட்டு வந்த வால்ப்ராயிக் அமிலத்தில், 1960களின் தொடக்கத்தில் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் வேறு மருந்துகளைக் கரைத்துச் சோதித்தபோது, எதைக் கரைத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு அடங்கியது. கரைப்பானே மருந்து என்பது அப்போதுதான் புரிந்தது. நீங்கள் விவரிக்கும் காலை நேர உதறல், பதின்ம வயதுத் தொடக்கம், இடையிடையே முழு வலிப்பு ஆகியவை இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பு என்ற வகையை நினைவூட்டுகின்றன. மூளை மின்னலை வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டியவர் மருத்துவர். இந்த வகைக்கு வால்ப்ரோயேட் அளவுக்குக் கேட்கும் மருந்து அரிது. மூன்று ஆண்டுகள் வலிப்பில்லாமல் அவள் கல்லூரி முடித்திருப்பது அதனால்தான். அந்த மருந்தைத் திட்டிவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவள் சொல்லும் மூன்று குறைகளும் அந்த மருந்தினுடையவைதான், கற்பனையல்ல. வால்ப்ரோயேட் பசியைத் தூண்டும். எடை கூடுவது சோம்பலால் அல்ல. முடி மெலிந்து கொட்டும், அளவு குறைந்தாலோ மருந்து மாறினாலோ பெரும்பாலும் திரும்ப முளைக்கும், சிலருக்குச் சுருள் முடியாக முளைப்பதும் உண்டு. மாதவிடாய் தள்ளிப்போவதும் முகப்பருவும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோடு சேர்ந்தவை; அதைத் தனியாக மகப்பேறு மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்குபவர்கள், வால்ப்ரோயேட் எடுப்பதை அங்கே சொல்வதில்லை. அதிக அளவில் கை நடுக்கமும், இரத்தத் தட்டணுக்கள் குறைவதும் உண்டு. எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், பல் பிடுங்குவதற்கு முன்பும் கூட, இதைச் சொல்ல வேண்டும். தொடர் வாந்தி, அசாதாரண மந்தம், மஞ்சள் காமாலை, தாங்க முடியாத வயிற்றுவலி ஆகியவை கல்லீரலோ கணையமோ பாதிக்கப்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம், அவை காத்திருக்கக் கூடாதவை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கல்லீரல் ஆபத்து மிக அதிகம்.

இவை அனைத்தையும்விடக் கனமானது கருவுக்கு நேர்வது. யூராப் என்ற பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து 2018இல் வெளியான கணக்கின்படி, கர்ப்பத்தின்போது வால்ப்ரோயேட் மட்டும் எடுத்த பெண்களின் குழந்தைகளில் பெரிய பிறவிக் குறைபாடு 10.3 சதவீதம், ஃபெனிடாயினில் 6.4, கார்பமசெபினில் 5.5, லாமோட்ரிஜினில் 2.9, லெவெடிராசெட்டமில் 2.8. வால்ப்ரோயேட்டிலேயே நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் வரை 6.3 சதவீதமாக இருந்தது, 1450க்கு மேல் 25.2 ஆக உயர்ந்தது. உங்கள் அக்கா மகளின் 1000 மில்லிகிராம் இவற்றுக்கு நடுவில் வருகிறது. உடற்குறை இல்லாமல் பிறந்தாலும் கதை முடிவதில்லை: அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த ஓர் ஆய்வில், ஆறு வயதில் சராசரி அறிவுத்திறன் எண் லாமோட்ரிஜின், ஃபெனிடாயின் தாய்மார்களின் குழந்தைகளுக்கு 108 ஆகவும், கார்பமசெபினுக்கு 105 ஆகவும், வால்ப்ரோயேட்டுக்கு 97 ஆகவும் இருந்தது. 2018 முதல் பிரிட்டனில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்குக் கருத்தடை ஏற்பாடு உறுதியாக இல்லாமல் இதை எழுதக் கூடாது என்ற விதியே வந்துவிட்டது. கருவின் முதுகுத்தண்டுக் குழாய் மூடுவது கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள். நாள் தள்ளிப்போய்ச் சோதித்துப் பார்ப்பதற்குள் அந்தக் கட்டம் பெரும்பாலும் கடந்திருக்கும். ஃபோலிக் அமில மாத்திரை தேவைதான், ஆனால் வால்ப்ரோயேட்டின் ஆபத்தை அது அழித்துவிடாது. "உண்டானதும் மாற்றிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் இதுதான். அப்படி ஏற்கெனவே உண்டாகிவிட்டவர்களும் பயந்து தாமாக நிறுத்தக் கூடாது. பெரிய வலிப்பு தாய்க்கும் கருவுக்கும் சேர்ந்தே ஆபத்து, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாற்றாக மருத்துவர் முதலில் நினைப்பது பெரும்பாலும் லெவெடிராசெட்டம் அல்லது லாமோட்ரிஜினாக இருக்கும். லெவெடிராசெட்டம் சிறுநீரகம் வழியாகக் கழிவதால் மற்ற மருந்துகளோடு மோதல் மிகக் குறைவு, எடையும் ஏறாது. அதன் குறை குணத்தில் தெரியும். அதிர்ந்து பேசாத மகன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிந்தான் என்று ஒரு தாய் அழுதார். "வேலை கிடைக்காத விரக்தி" என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். மாத்திரை மாறிய தேதியையும் சண்டை தொடங்கிய தேதியையும் கேட்டபோது இடைவெளி பத்து நாள். மருந்தை மாற்றியதும் பழைய பையன் திரும்பி வந்தான். எரிச்சல், அழுகை, சாக வேண்டும் என்ற எண்ணம் ஆகியவை வந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். புதிதாகக் கல்யாணமாகிப் போன வீட்டில் இந்தக் கோபம் வந்தால் அது மருமகளின் குணமாகத்தான் பேசப்படும், ஆகையால் மாற்றத்தைத் தாய்வீட்டில் இருக்கும்போதே செய்து பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். லாமோட்ரிஜின் மனத்துக்கு இதமானது, தூக்கக் கலக்கமும் குறைவு. ஆனால் சிலருக்குக் காலை உதறலை அதிகப்படுத்தும், கர்ப்பத்தில் இரத்தத்தில் அதன் அளவு வெகுவாக இறங்கும், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரையும் அதை இறக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டோபிரமேட் எடையைக் குறைக்கும், ஆனால் சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும், விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீரகக் கல் வரலாம். குளோபசாம் துணை மருந்தாக நன்று, தூக்கம் தரும். ஃபீனோபார்பிட்டோன் பெரியவர்களை மந்தமாக்கும், குழந்தைகளைத் துறுதுறுப்பாக்கும். கார்பமசெபினும் ஆக்ஸ்கார்பசெபினும் இரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், வயதானவர்களுக்கு அதுவே குழப்பத்தையும் வலிப்பையும் தரலாம். இவற்றில் கார்பமசெபின், ஆக்ஸ்கார்பசெபின், ஃபெனிடாயின் மூன்றும் காலை உதறல் வகை வலிப்பை மோசமாக்கக் கூடியவை. அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நன்றாகக் கேட்ட மாத்திரை என்று வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டாம்.

மூன்று ஆண்டுகள் வராததால் முழுவதும் நிறுத்தலாமே என்பது நியாயமான கேள்வி. பல வகை வலிப்புகளில் இரண்டு ஆண்டுகள் வராமல் இருந்தால் மருத்துவரே மாதக்கணக்கில் மெல்லக் குறைத்து நிறுத்திப் பார்ப்பார். இளம்பருவ மயோகுளோனிக் வலிப்பில் அப்படி நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குத் திரும்பி வருகிறது. அதனால் இங்கே செய்யக் கூடியது நிறுத்துவது அல்ல, மாற்றுவது: புதியதை ஏற்றிக்கொண்டே பழையதை இறக்குவது, அல்லது புதியது ஒத்துவராவிட்டால் வால்ப்ரோயேட்டை இயன்ற குறைந்த அளவுக்குக் கொண்டுவருவது. அந்த மாதங்களில் வண்டி ஓட்டக் கூடாது, குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது.

வரன் வீட்டாரிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அது மருந்தோடு ஒட்டியிருக்கிறது. இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் வலிப்பு நோய் என்ற தடையை 1999ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. மறைத்து வைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டியிருக்கும். அரிசி டப்பாவில் ஒளித்த அட்டையை எடுக்க ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பார்த்து வேளை தவறி, மூன்றாம் நாள் புகுந்த வீட்டில் விழுந்த பெண்களை அவர்களுடைய மாமியார்களே எங்களிடம் அழைத்து வந்திருக்கிறார்கள்.

கல்யாண நாளைப் பற்றியும் ஒன்று. தூக்கமின்மை இந்த வலிப்பை எழுப்பும் முதல் காரணம், அது வரும் நேரமோ விழித்தெழுந்த முதல் ஒரு மணி நேரம். நம் வழக்கத்தில் முன்னிரவு வரவேற்பு முடிய நள்ளிரவாகும், அலங்காரத்துக்கு மூன்று மணிக்கு எழுப்புவார்கள், ஆறு மணிக்கு முகூர்த்தம், விரதம் என்று வெறும் வயிறு. ஆகவே ஒன்பது மணிக்கு மேற்பட்ட முகூர்த்தமாகப் பாருங்கள், வரவேற்பை வேறொரு நாள் வையுங்கள். முதல் நாள் இரவு மாத்திரையையும் அன்று காலை மாத்திரையையும் கையில் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள்; அந்த ஒருவர் தாய்மாமனாகிய நீங்களாகவே இருக்கலாம்.